விட்டவன் விழுக்காடு: பொதுத்தொண்டில் பங்கும் உரிமையும் (திருமலைச் சான்றுகளை முன்வைத்து)

ஊர் நன்மைக்காகப் பொருளோ உழைப்போ தந்த ஒருவர், தாம் தந்ததன் பயனில் ஒரு பகுதியைத் தமக்கெனப் பெறலாமா? பெற்றால் அச்செயல் அறமாக நிற்குமா, வணிகமாகிவிடுமா? பொதுப்பணி எங்கெல்லாம் நடைபெறுகிறதோ அங்கெல்லாம் இவ்வினா எழுகிறது. குளம் தூர்வாரிய இளைஞர் குழு கரையில் தன் பெயர்ப்பலகையை நடும்பொழுதும், பள்ளிக்குக் கட்டடம் தந்தவர் அதன் குழுவில் தமக்கோர் இடம் கேட்கும்பொழுதும் ஊரார் முணுமுணுப்பது இவ்வினாவைத்தான். இதற்குத் தமிழ் அறநூல் மரபு தரும் விடை ஒன்று. திருமலைக் கல்வெட்டுகள் தரும் விடை வேறொன்று. இவ்விரண்டையும் எதிரெதிர் வைத்து, இவற்றினின்றும் வேறுபட்ட அனந்தாழ்வான் வரலாற்றையும் துணைகொண்டு, பொதுத்தொண்டில் பங்கு என்பதன் அறநிலையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈகையும் குறியெதிர்ப்பையும்

வள்ளுவர் நிலைப்பாடு ஐயத்திற்கு இடமற்றது. ஒப்புரவறிதல் அதிகாரம் மழையைச் சான்றாக்கித் தொடங்குகிறது. மழைக்கு உலகம் திருப்பித் தருவது ஏதுமில்லை. கடமை என்பதும் அத்தகையது. ஈகை அதிகாரமோ இன்னும் கடுமையானது. வறியவர்க்குத் தருவது ஒன்றே ஈகை. பிறர்க்குத் தருவன அனைத்தும் 'குறியெதிர்ப்பை' என்னும் தன்மையன. அளவு குறித்து வாங்கியதை அதே அளவில் திருப்பிக் கொடுப்பது குறியெதிர்ப்பை என உரையாசிரியர் விளக்குவர். அண்டை வீட்டில் உழக்கரிசி வாங்கி, மறுநாள் அதே உழக்கால் அளந்து கொடுக்கும் செயல் அது. அதில் தீமை ஏதுமில்லை. எனினும் அதனை ஈகை என்று பெயரிட வள்ளுவர் இசையவில்லை.

புறநானூற்று 182ஆம் பாடலில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி காட்டும் மாந்தரும் இவ்வரிசையினரே. தமக்கென முயலாது பிறர்க்கென முயல்வோர் இருத்தலால்தான் உலகம் நிலைபெற்றிருக்கிறது என்பது அவர் கருத்து. பங்கு என்னும் சொல்லுக்கு அங்கு இடமே இல்லை.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு திருமலை ஏறுபவருக்கு அதிர்ச்சியே காத்திருக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகச் சுட்டிய வேங்கடம் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. எனினும் அம்மலைக்கோயிற் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அப்பணியில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு பெரிது. அத்தொகுதிகளைப் புரட்டுவோர் கண்ணில் விசயநகரக் காலப் பகுதிகளில் மீண்டும் மீண்டும் படுவது 'விட்டவன் விழுக்காடு' என்னும் தொடர். கொடை விட்டவனுக்குரிய பங்கு என்பது பொருள். இறைவனுக்குப் படைத்த திருப்போனகத்திலும் பணியாரங்களிலும் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்குச் சேரும். குறியெதிர்ப்பை என்று வள்ளுவர் விலக்கியதைக் கல்லில் வெட்டிச் சந்திரசூரியர் உள்ளவரை நிலைக்கச் செய்த ஏற்பாடு இது.

ஏரி வழியாகச் சென்ற கொடை

இக்கொடை செயற்பட்ட முறையை அறியாமல் அதனை மதிப்பிட இயலாது. கொடையாளர் ஒரு தொகையை ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். அரசர், அரசியர், படைத்தலைவர், ஆசாரியர், வணிகர், எம்பெருமானடியார் எனக் கொடையாளர் பல தரத்தினர். கோயில் ஆட்சியை நடத்திய தானத்தார் அத்தொகையைப் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுப்பர். தொகை பெட்டியில் உறங்கவில்லை. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் அது செலவிடப்பட்டது. புதிய நீரால் கூடுதலாக விளைந்த நெல்லைக் கொண்டு, குறித்த நாள்களில் குறித்த அளவுப் படையல் நடைபெற்றது. அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு எனக் கல்வெட்டுகள் தரும் பட்டியல் ஒரு சமையற்கட்டின் கணக்கையே ஒத்தது. படையலுக்குப் பின் நாலில் ஒன்று கொடையாளருக்கு; எஞ்சியது கோயிற் பணியாளர்க்கும் உரிமையுடைய பிறர்க்கும்.

பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதனை ஒரு பொருளாதார அமைப்பாக எடுத்துக்காட்டியது. இடைக்காலக் கோயில் வேளாண் வளர்ச்சிக்கு முதலீடு செய்த நிறுவனமாகவும் இயங்கியது என்பது அவர் நிறுவிய கருத்து. அவர் பொருளியலோடு நின்றார். அறவியல் நோக்கில் இங்குக் கவனிக்கத்தக்கது கொடை சென்ற பாதை. பணம் மலைமேல் செலுத்தப்பட்டது, மலையடி ஊர்களுக்கு இறங்கி நீரானது, நீர் நெல்லானது, நெல் மீண்டும் மலையேறிச் சோறானது. இறைவன் உண்பதற்கு முன் ஓர் ஊரின் நிலம் நனைந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்று 18ஆம் பாடலின் வாதம் இதுவே அன்றோ? உணவு தந்தவர் உயிர் தந்தவர். உணவு என்பதோ நிலத்தோடு கூடிய நீர். ஆகவே நிலம் பள்ளமாக உள்ள இடங்களில் நீரைத் தேக்குவோரே நிலைத்த புகழுக்கு உரியர் என்பது அப்புலவர் அரசனுக்குக் கூறிய அறிவுரை. திருமலைக் கொடையாளருள் எத்தனை பேர் அப்பாடலை அறிந்திருப்பர் என்பது வேறு. அவர்தம் பணம் அப்பாடல் காட்டிய வழியில் சென்றது என்பதில் ஐயமில்லை.

இனி, அந்த நாலில் ஒரு பங்கு. இதனைப் பேராசை என ஒதுக்குவது எளிது. ஆயினும் இப்பங்கிற்கு இரண்டு இயல்புகள் உண்டு. அது அளவுடையது; எழுதப்பட்டது. கொடையாளர் நாலில் ஒன்றுக்கு மேல் கேட்க இயலாது. ஏரியின் மீதோ ஊரின் மீதோ வேறெந்த உரிமையும் அவருக்கு அதனால் வருவதில்லை. அன்றியும் அப்பங்கு கைமாற்றத்தக்கது. கொடையாளர் பலர் தம் விழுக்காட்டை மடங்களுக்கும், நந்தவனம் பேணுவோர்க்கும், வழிப்போக்கர்க்கு உணவிடும் இராமாநுச கூடங்களுக்கும் எழுதிவைத்தனர். 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் காலத்தில் இராமாநுச கூடத்தை நடத்திய கந்தாடை இராமாநுசையங்கார் இதற்குச் சிறந்த சான்று. அவர் வழியாக வந்த ஏற்பாடுகளில் சாத்தாத ஸ்ரீவைணவர்கள் பங்கு பெற்றனர். பூணூல் அணியாத அவ்வடியார்கள் பெருங்கோயில் ஒன்றின் பிரசாதத்தில் எழுத்து வழிப்பட்ட உரிமை பெற்றது, விழுக்காடு என்னும் அமைப்பு இருந்ததனால்தான். பங்கு வேண்டா என்று கொடையாளர் துறந்திருந்தால் அது பழைய உரிமையாளர்களிடமே சென்று சேர்ந்திருக்கும். தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் உரிமை, பிறர்க்கென ஒதுக்கும் ஆற்றலாகவும் மாறக்கூடும் என்பதை வள்ளுவர் வகுத்த இருபாற் பகுப்பு கணக்கிலெடுக்கவில்லை எனலாம்.

ஊர்ச்சபையிடம் ஒப்படைத்த அறம் எப்பொழுதும் ஒழுங்காக நடந்தது என்றும் கருத வேண்டா. முதலாம் இராசேந்திர சோழனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. பொன்னைப் பெற்றுக்கொண்டு 24 விளக்குகள் எரிக்க ஒப்புக்கொண்ட திருமுண்டியத்துச் சபையார் இரண்டு விளக்குகளையே எரித்துவந்தனர். அரசு அதிகாரி விசாரித்து, அப்பொன்னைக் கோயிற் பண்டாரத்தில் செலுத்துமாறு ஆணையிட்டார். ஊர்மக்கள் கூடிச் செய்வது என்பதனாலேயே ஒரு செயல் தூய்மை பெற்றுவிடாது. எழுதிவைத்திருந்ததால்தான் இருபத்திரண்டு விளக்குகளின் இருள் கணக்கில் வந்தது.

எழுதப்பட்டவற்றின் குறையும் இவ்விடத்தில்தான் தெரிகிறது. கொடையாளர் பெயர் கல்லில் உள்ளது. தானத்தார் உளர். இறுதியில் எழுதியவராகக் கோயிற் கணக்கு திருநின்றவூருடையானும் உளர். ஏரியை வெட்டியவர் பெயர் மட்டும் இல்லை. மண் சுமந்த பெண்டிர், கரை கட்டிய ஒட்டர், ஆண்டுதோறும் மடையைத் திறந்தடைத்த நீர்க்கட்டி ஆகியோர் இவ்வறத்தின் உடலாக இருந்தும் அதன் எழுத்தில் இடம்பெறவில்லை. நாலில் ஒன்று கொடையாளருக்கு எனக் கணக்கிட்ட கை, வெட்டியவருக்கு எத்தனையில் ஒன்று எனக் கணக்கிடவில்லை. குறியெதிர்ப்பை என்னும் குற்றச்சாட்டைவிட இதுவே இக்கொடைமுறை மீது சுமத்தத்தக்க கனமான குற்றச்சாட்டு.

இவ்விடுபாடு பின்னரும் தொடர்ந்தது. ஏரிப்பாசன ஊர்களில் மராமத்து வேலையைக் குடிகள் கூடிச்செய்யும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. சித்தூர்ப் பகுதியின் பெரும்பாகம் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த காலத்தில், சென்னை மாகாணத்திற்கென 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமாகச் செய்துவந்த உழைப்பைச் செய்யாத குடிகளைத் தண்டிக்க அது வழிசெய்தது. அதுவரை ஊரின் இசைவாக இருந்தது அரசின் கட்டளையாயிற்று. உழைப்பு கேட்கப்பட்டது; ஏரியின் வருவாயிலோ முடிவுகளிலோ பங்கு பேசப்படவில்லை. பங்கற்ற உழைப்பே தூய தொண்டு என்னும் கொள்கையை அரசு கையிலெடுத்தால் அது எவ்வுருக் கொள்ளும் என்பதற்கு இச்சட்டத்தைவிடத் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

அனந்தாழ்வானின் மறுப்பு

கல்வெட்டுகள் காட்டும் பங்கிற்கு நேரெதிர் முனையில் நிற்பவர் அனந்தாழ்வான். குருபரம்பரை மரபு கூறும் வரலாறு வைணவ உலகில் நன்கு அறியப்பட்டது. திருவேங்கடத்தில் மலர்த்தொண்டு செய்ய யார் செல்வீர் என்று இராமாநுசர் திருவரங்கத்தில் வினவினார். குளிரும் காடும் நிறைந்த மலைக்குச் செல்லப் பலரும் தயங்கினர். அனந்தாழ்வான் எழுந்தார். நீர் ஒருவரே ஆண்பிள்ளை என ஆசிரியர் பாராட்டியதால் அனந்தாண்பிள்ளை எனவும் வழங்கப்பெற்றார். மலைமேல் நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டி ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி கூடையில் சுமந்து கொட்டினார். சிறுவன் ஒருவன் வந்து உதவ முன்வந்தான். அனந்தாழ்வான் மறுத்தார். சிறுவனோ அவர் அறியாமல் அம்மையாரின் கூடையை வழியில் வாங்கிக் கொட்டித் தந்தான். மனைவி விரைந்து திரும்புவதைக் கண்டு உண்மையை உணர்ந்த அனந்தாழ்வான் கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. கருவறையில் இறைவன் மோவாயில் குருதி கசிந்தது. இறைவனின் மோவாயில் பச்சைக்கருப்பூரம் சாத்தும் வழக்கத்திற்கு மரபு கூறும் காரணம் இது. அக்கடப்பாரை கோயிலின் பெருவாயிலில் இன்றும் மாட்டப்பட்டுள்ளது.

தொண்டில் கொண்ட உறுதிக்குச் சான்றாகவே இவ்வரலாறு பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. அவ்வாசிப்பில் வலிமை உண்டு. தன் கையால் செய்வதாக ஏற்றதைப் பிறர் கையில் விடுபவன், காலப்போக்கில் செய்விப்பவனாக மட்டும் நிற்பான். உழைப்பு பிறருடையதாகவும் பெயர் தன்னுடையதாகவும் ஆகிவிடும். ஏரி வெட்டியவர் பெயரில்லாத கல்வெட்டுகளை மேலே கண்டோம். அக்குறை அனந்தாழ்வானிடம் இல்லை. இங்கு ஏரி வெட்டியவரின் பெயராலேயே ஏரி அறியப்படுகிறது.

ஆயினும் கூடை யார் தலையில் இருந்தது என்பதை இவ்வாசிப்பு கேட்பதில்லை. 'என் தொண்டு' என்று அனந்தாழ்வான் மறுத்தபொழுது, சுமந்துகொண்டிருந்தவர் மற்றொருவர். உதவி தேவையா என்னும் வினாவிற்கு விடை கூறும் உரிமை யாருக்கு உண்டோ அவரிடம் வினா கேட்கப்படவில்லை. கேட்கப்பட்ட ஒரே தருணத்தில், அதாவது சிறுவன் நேரில் அவரிடம் சென்றபொழுது, அவர் ஏற்றுக்கொண்டார். அனந்தாழ்வானின் மனைவி என்றே பெரும்பாலும் சுட்டப்பெறும் இவ்வம்மையாரின் இசைவுதான் இவ்வரலாற்றில் இறைவனைத் தொண்டினுள் அனுமதித்தது. கணவரின் தூய்மை இறைவனைக் காயப்படுத்தியது. இது தற்செயலான அமைப்பாகத் தோன்றவில்லை. அடியாரின் பெருமையைச் சொல்லவந்த மரபு, அப்பெருமையின் விலையையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. பூக்கூடையை அன்று, கடப்பாரையைத்தான் வாயிலில் மாட்டிவைத்தார்கள்.

ஆக, பங்கை மறுப்பதிலும் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. நாலில் ஒன்று கேட்டவர் சோற்றில்தான் கேட்டார். யாதும் வேண்டாதவர் தொண்டு முழுமையையும் தமதாக்கிக்கொண்டார். முன்னதற்கு அளவுண்டு, பின்னதற்கு இல்லை. வள்ளுவர் மழையை உவமையாக்கியதன் ஆழம் இவ்விடத்தில் விளங்குகிறது. மழை திருப்பிக் கேட்பதில்லை என்பது பாதி. இது என் மழை என்று தடுப்பதும் இல்லை.

இதனால் அனந்தாழ்வானைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் கொள்ள வேண்டா. மலையிலிருந்து கட்டுச்சோறு கொண்டு சென்ற அவர், வழியில் அதனுள் எறும்புகளைக் கண்டு, வேங்கடத்தில் வாழ விரும்பியவற்றைப் பிரித்துவிடலாகாது என அவற்றை மீண்டும் மலையில் கொண்டுவிடச் செய்தார் என்பதும் அவரைப் பற்றிய செய்தியே. எறும்பின் விருப்பத்தைக் கேட்டறிந்த செவி அது. அருகில் கூடை சுமந்தவரின் களைப்பை அது கேளாமற் போனமை, பொதுத்தொண்டில் ஈடுபட்ட நல்லோர் பலரிடத்தும் காணத்தக்க குறை.

எழுதப்படாத பங்கு

2000ஆம் ஆண்டில் தேவஸ்தானம் ஸ்ரீவாரி சேவை என்னும் தன்னார்வத் தொண்டு முறையைத் தொடங்கியது. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் முதலிய மாநிலங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் குழுக்களாக வந்து ஊதியமின்றிப் பணிசெய்கின்றனர். வரிசையில் நிற்போர்க்குக் குடிநீர் தருதல், உணவுக்கூடத்தில் பரிமாறுதல், காய் நறுக்குதல், பூத்தொடுத்தல் என அவர்தம் பணிகள் பலவகைப்படும். உழவர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர் எனப் பலரும் இதில் கலக்கின்றனர். சேவை நிறைவில் அவர்களுக்குத் தரிசன வாய்ப்பு அளிக்கப்படுகிறது. விட்டவன் விழுக்காட்டின் இன்றைய வடிவம் இது எனின் தவறாகாது. இதனைக் கொண்டு அவர்தம் தொண்டைக் குறைத்துப் பேசுவோர் உளர். பல மணி நேரம் நின்று பரிமாறியவர் ஒருமுறை இறைவனைக் காண்பது அளவுடைய, வெளிப்படையான பங்கு. அதில் நாணத்தக்கது ஏதுமில்லை. எழுதப்படாத பங்குகளே ஐயத்திற்குரியன. தொண்டு செய்தவர் பின்னர் ஊரில் பெறும் செல்வாக்கு, வரிசையைக் கடக்க உதவும் அறிமுகம், பயன் பெற்றவர் என்றும் நன்றியுடன் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு ஆகியவற்றிற்கு நாலில் ஒன்று என்னும் வரம்பு இல்லை.

உணவுக்கூடத்தின் பெயரே ஒரு நினைவூட்டல். 1985 ஏப்ரல் 6 அன்று என்.டி. இராமாராவ் முதலமைச்சராக இருந்தபொழுது இலவச உணவுத் திட்டம் மலைமேல் தொடங்கப்பெற்றது. 2011 முதல் அது தரிகொண்ட வெங்கமாம்பா பெயரிலமைந்த பெரிய கட்டடத்தில் நடைபெறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்தெலுங்குப் புலவர் இளமையிலேயே கணவரை இழந்து, கைம்மைக் கோலத்தை ஏற்க மறுத்து, ஊராரின் எதிர்ப்புக்கு ஆளானவர். திருமலையில் யாத்திரிகர்க்கு அன்னமிட்டவராக நினைக்கப்படுபவர். ஊர் தனக்குப் பங்கு மறுத்த ஒருவர் ஊர்க்கெல்லாம் சோறிட்டார் என்பதை அறநூல்கள் எவ்வகையில் அடக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.

மாறிப்போனது கொடையின் பாதை. இன்று அன்னதானத்திற்கு வரும் நன்கொடை வங்கியில் வைப்புத்தொகையாகி, அதன் வட்டி செலவிடப்படுகிறது. பழங்கொடையின் வட்டி ஏரியிலிருந்து வந்தது. இன்றைய வட்டி கணக்கேட்டிலிருந்து வருகிறது. நிருவாக நோக்கில் இது பாதுகாப்பானதே. மழை பொய்த்த ஆண்டிலும் இலை காலியாக இராது. ஆனால் கொடையாளரின் பணம் இப்பொழுது மலையடி ஊரைத் தொடாமலே சோறாகிவிடுகிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் ஏரிகள் மலிந்த வறண்ட நிலம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின் ஏரிகளில் பல கவனிப்பாரற்றுப்போயின. ஏழு நாள் விடுப்பெடுத்து மலைமேல் பரிமாறச் செல்லும் உழவர், தம் ஊர் வரவுக்கால் தூர்ந்திருப்பதை நாள்தோறும் கடந்தே செல்கிறார். அவரைக் குறைகூறுவது முறையன்று. மலைமேல் செய்வது தொண்டு என்றும் ஊர்க்காலைத் தூர்வாருவது அரசின் வேலை என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர் உண்டாக்கியதன்று. 1858க்குப் பின் பல தலைமுறைகளாக ஊட்டப்பட்டது.

இப்பிரிவைத் திருத்தும் முயற்சியாக 1997இல் ஆந்திரப் பிரதேச அரசு பாசன அமைப்புகளை உழவரே நிருவகிக்கும் சட்டத்தை இயற்றியது. ஏரி நீரைப் பயன்படுத்துவோர் தேர்தல் வழியாகச் சங்கமாக அமைந்து, பராமரிப்பை முடிவு செய்ய அது இடமளித்தது. சங்கங்கள் எல்லாம் நன்கு நடந்தன என்று கூற இயலாது. கட்சி அரசியலும் நிதிக்குறையும் அவற்றைப் பாதித்தன. இருப்பினும் கொள்கையளவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வெட்டியவர்க்கும் உழுதவர்க்கும் கல்வெட்டு எழுதாமல் விட்ட விழுக்காடு, முடிவெடுப்பதில் பங்கு என்னும் வடிவில் முதன்முறையாக எழுத்தில் ஏறியது. சோற்றில் நாலில் ஒன்றைவிடவும் தரிசனத்தில் ஒரு முறையைவிடவும் இப்பங்கு பெரியது. இதனைக் கேட்பவரைத் தன்னலத்தார் என எந்த அறநூலைக் கொண்டும் குற்றம் சாட்ட இயலாது. கேட்க மறந்தவரைத் தியாகியெனப் போற்றுவதற்கும் சான்றில்லை.

திருமலைத் தொகுதிகளில் காணப்படும் திருவிடையாட்ட ஊர்ப்பெயர்களை இன்றைய ஏரிகளின் பெயர்களோடு ஒப்பிட்டு, எந்தக் கொடையின் நீர் இன்னும் எந்தக் கரையில் நிற்கிறது எனக் காணும் களப்பணி ஊர்தோறும் செய்யத்தக்கது. கல்வெட்டு தமிழில் உள்ளது. அவ்வேரிகளின் மடையைத் திறக்கும் நீர்க்கட்டியின் நினைவு பெரும்பாலும் தெலுங்கில் உள்ளது. தமிழ்த்துறையும் தெலுங்குத்துறையும் ஒருங்கே கரையில் நின்று கேட்டாலன்றி அக்கணக்கின் இரண்டாம் பக்கம் கிடைக்காது.